சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு போறீங்களா? கட்டுப்படியாகும் விலையில், காலை நீட்டிப் படுக்கிற மாதிரி ஹோட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு மூன்று முறை குடும்பத்தோடு போய் வந்திருக்கிறோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு, மாமனார், மாமியார் என்று ஆறு டிக்கெட். முதல் தடவை தங்கிய அறையைப் பற்றி இப்போது பேசினால் மாமியார் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அதன் பிறகு சொந்தக்காரர்களும் கூட வேலை செய்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்தான் இவை.

அறை அவ்வளவு சின்னதா இருக்குமா? எவ்வளவு இருந்தால் நாலு பேருக்குப் போதும்?

இருக்கும். மொத்த நாடே சுமார் 735 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லை 426 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் அங்கே தங்கம்.

ஹோட்டல்காரர்கள் அறையின் அளவைச் சதுர மீட்டரில் போடுவார்கள். நமக்கு அது மனதில் பதியாது. பத்தே முக்காலால் பெருக்கினால் சதுர அடி வந்துவிடும். நம் வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை என்றால் 120 சதுர அடி, கிட்டத்தட்ட 11 சதுர மீட்டர். மலிவான ஹோட்டல்களில் 12, 13 என்று போட்டிருப்பதைப் பார்த்து "நம்ம ரூமை விடப் பெரிசுதானே" என்று நினைக்க வேண்டாம். அந்தக் கணக்கில் குளியலறையும் வாசல் நடையும் சேர்ந்தே இருக்கும். அதைக் கழித்தால் கட்டில் மட்டும்தான் மிச்சம். பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் ஒருவர் கட்டில் மேல் ஏறி உட்கார வேண்டும்.

இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், இரண்டு பெரிய பெட்டி. இதற்கு 22 சதுர மீட்டருக்குக் கீழே நான் பார்ப்பதே இல்லை. ஊருக்குத் திரும்பும்போது பெட்டி இரண்டாகவே இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அறை பெரிசா இருந்தால் போதுமா?

போதாது. முதலில் கட்டிலை எண்ணுங்கள். 30 சதுர மீட்டர் அறையில் ஒரே ஒரு கிங் கட்டில் போட்டு, மிச்ச இடத்தில் சோஃபாவும் மேசையும் வைத்திருப்பார்கள். பார்க்க அழகு, ஆறாவது படிக்கும் பையன் எங்கே படுப்பான்? அதே விலைக்கு 24 சதுர மீட்டரில் இரண்டு குயின் கட்டில் போட்ட அறை கிடைத்தால் அதுதான் குடும்ப அறை. குயின் கட்டில் சுமார் ஐந்தடி அகலம், கிங் ஆறடி. ட்வின் என்றால் ஒற்றைக் கட்டில் இரண்டு. ஒவ்வொன்றும் மூன்று, மூன்றரை அடி. அதில் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து படுத்தால் இருவருக்கும் தூக்கம் கிடையாது.

"சோஃபா பெட்" என்று போட்டிருந்தால் அது விரித்துப் படுக்கிற வகையா, வெறும் சோஃபாவா என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "எக்ஸ்ட்ரா பெட்" என்பது எல்லா அறையிலும் போட முடியாது. சின்ன அறையில் போட இடமே இருக்காது. நாம் பாயை விரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் அங்கே நடக்காது. விரிக்கத் தரை வேண்டுமே.

ஜன்னல் இல்லாத அறை என்று ஒன்று இருக்கிறதாமே?

நிஜம்தான். நம் ஊரில் யோசிக்கவே மாட்டோம். அங்கே மலிவு விலை ஹோட்டல்களில் இது சர்வ சாதாரணம். புகைப்படத்தில் திரைச்சீலை தொங்கும், அதற்குப் பின்னால் சுவர். எங்கள் முதல் பயணத்தில் மாட்டியது இதுதான். காலை எத்தனை மணி என்றே தெரியாமல் மாமனார் மூன்று தடவை எழுந்து விளக்கைப் போட்டார். அறையின் வகைப் பெயரில் "வித் விண்டோ" என்று எழுதியிருந்தால் மட்டுமே ஜன்னல் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொள்வது நல்லது. ஒரு இரவு தங்கி விமானம் ஏறப் போகிறவர்களுக்குப் பரவாயில்லை. ஐந்து நாள், வயதானவர்களோடு என்றால் வேண்டவே வேண்டாம்.

ஒரு பெரிய குடும்ப அறையா, இரண்டு சின்ன அறையா? எது மலிவு?

இதற்குக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் அந்த ஊர் விலையைப் படிக்கத் தெரிய வேண்டும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகைக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் தனி. அந்த 9 விழுக்காடு 2024 ஜனவரி முதல். ஆக, 200 வெள்ளி என்று போட்ட அறைக்கு நீங்கள் கட்டுவது 239 வெள்ளி 80 காசு. டாலரை அங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். ஐந்து இரவுக்கு ஆயிரம் என்று மனக்கணக்குப் போட்டுப் போனால், பில் 1,199 வரும்.

இப்போது ஒரு உதாரணம். குடும்ப அறை 240, சின்ன அறை 130 என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்த்துக் குடும்ப அறை சுமார் 288 வெள்ளி, இரண்டு சின்ன அறைகள் சுமார் 312. வித்தியாசம் 24 வெள்ளி. அந்த 24 வெள்ளிக்கு உங்களுக்கு இன்னொரு குளியலறை கிடைக்கிறது. காலை எட்டு மணிக்கு ஆறு பேர் கிளம்ப வேண்டிய வீட்டில் இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். தாத்தா பாட்டி கூட வந்தால் இரண்டு அறைதான், எனக்கு இதில் இரண்டாவது பேச்சே இல்லை. நாலே பேர், பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் ஒரே குடும்ப அறை போதும்.

இரண்டு அறை எடுத்தால் "கனெக்டிங் ரூம்" கேளுங்கள். நடுவில் கதவு இருக்கும். "அட்ஜாயினிங்" என்றால் பக்கத்துப் பக்கத்து அறை, அவ்வளவுதான், கதவு கிடையாது. முன்பதிவுத் தளத்தில் குறிப்பு எழுதினால் அது வெறும் வேண்டுகோள். ஹோட்டலுக்கே நேரடியாக எழுதி, தருகிறோம் என்று பதில் வாங்கினால்தான் நம்பலாம்.

பிள்ளைகளின் வயதைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் என்ன? ஒரு ஆளைக் கணக்கில் காட்டாமல் விட்டால்?

இந்தக் கேள்வியை யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை, சுற்றி வளைத்துக் கேட்பார்கள். செய்யாதீர்கள். செக்-இன் செய்யும்போது எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள், குழந்தையுடையதும் சேர்த்து. ஒவ்வொரு அறைக்கும் இத்தனை பேர்தான் என்று தீப்பாதுகாப்புக் கணக்கும் உண்டு. எங்கள் மைத்துனர் குடும்பம் "சின்னப் பிள்ளைதானே" என்று ஐந்தாவது ஆளைச் சொல்லாமல் போனது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் மிகப் பணிவாக, இன்னொரு அறை எடுத்தால்தான் சாவி என்று சொல்லிவிட்டார். அன்றைய நாள் விலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு போனது.

பிள்ளைகளுக்கு இலவசம் என்பதன் விவரம் இடத்துக்கு இடம் மாறும். சில இடத்தில் 5 வயது வரை, சில இடத்தில் 11 வரை. இலவசம் என்றால் இருக்கிற கட்டிலில் படுக்கலாம் என்று மட்டுமே அர்த்தம். காலைச் சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு.

எந்தப் பகுதியில் தங்கலாம்?

என் பதில் எப்போதும் லிட்டில் இந்தியா அல்லது அதற்கு அடுத்த ஸ்டேஷனான ஃபேரர் பார்க். நம்ம ஊர்ச் சாப்பாடு ஒரு காரணம், அது மட்டுமில்லை. லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இரண்டு ரயில் பாதை சந்திக்கிறது. வடகிழக்குப் பாதையில் ஏறினால் மாறாமலேயே சைனாடவுன், ஹார்பர்ஃப்ரண்ட். அங்கிருந்துதான் செந்தோசாத் தீவுக்குப் போவது. டவுன்டவுன் பாதையில் நாலாவது ஸ்டேஷன் பேஃபிரண்ட். மரீனா பே சாண்ட்ஸும் கார்டன்ஸ் பை த பேயும் அங்கேதான். எதிர்த்திசையில் மூன்றாவது ஸ்டேஷன் தாவரவியல் பூங்கா. முட்டிவலியோடு வருகிற மாமியாரை ரயில் மாற்றி மாற்றி ஏற்ற வேண்டியதில்லை என்பது, அறை வாடகையில் 20 வெள்ளி மிச்சம் பிடிப்பதைவிடப் பெரிய லாபம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் குறை. தேக்கா உணவங்காடியில் ஐந்து பேர் வயிறாரச் சாப்பிடுவதற்கு ஆகிற செலவில், சுற்றுலா இடங்களில் இரண்டு பேர் சாப்பிட முடியாது. சிராங்கூன் சாலையில் கோமளவிலாஸ் 1947-லிருந்து நடக்கிறது. காலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியிலேயே இட்லி. ஹோட்டல் காலைச் சாப்பாட்டை அறையோடு சேர்த்து வாங்கவே தேவையில்லை. நான் எப்போதும் சாப்பாடு இல்லாத விலையைத்தான் எடுப்பேன். ராத்திரி முஸ்தஃபா கடைக்கு நடந்தே போகலாம், வாங்கியதை நடந்தே கொண்டு வரலாம்.

ஒரு சங்கடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் பகுதி நிரம்பி வழியும். வாரம் முழுக்க வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வங்காளதேசத்துப் பிள்ளைகளுக்கும் அன்றுதான் விடுமுறை. கூட்டம் பிடிக்காதவர்கள் ஞாயிறு மாலையை வேறு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிராங்கூன் சாலையில் அலங்கார விளக்குகள் அற்புதமாக இருக்கும், நடக்கத்தான் இடம் இருக்காது.

லாவண்டர், பூகிஸ், ஜாலான் புசார் பகுதிகளும் நல்லவைதான். பெரிய ஹோட்டல்கள் உண்டு, நாலு பேர் அறையும் கிடைக்கும். பாலஸ்டியர் சாலையில் விலை குறைவு. ஆனால் அந்தச் சாலையிலேயே எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் கிடையாது, பஸ்ஸை நம்ப வேண்டும். ஆர்ச்சர்ட் சாலை பார்க்க அழகு. நம் பட்ஜெட்டுக்கு இல்லை.

கேலாங்கில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

கிடைக்கும். சாப்பாடும் பிரமாதம். ஆனால் அந்தப் பகுதியின் சில சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதி. அங்கே சந்துக்கு லோரோங் என்று பெயர்; இரட்டைப்படை எண் கொண்ட லோரோங்குகளில்தான் அது அதிகம். மணிக்கணக்கில் அறை விடுகிற ஹோட்டல்களும் அங்கே உண்டு. தனியாகப் போகிறவர்கள் தங்கட்டும். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு நான் போக மாட்டேன்.

வீடாக வாடகைக்கு எடுத்தால் மலிவாக முடியுமே? ஏர்பிஎன்பி மாதிரி?

லண்டனிலோ கோவாவிலோ செய்த மாதிரி அங்கே செய்ய முடியாது. சட்டப்படி தனியார் அடுக்குமாடி வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். வீவக வீடுகளுக்கு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளுக்கு, 6 மாதம். நாலு நாளுக்கு யாராவது அப்படி வீடு தருகிறேன் என்றால் அது சட்டவிரோதம். பாதியில் வெளியே போகச் சொன்னால் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான்.

சட்டப்படி அதற்கு இணையானது சர்வீஸ் அபார்ட்மென்ட். சமையல் மேடை, பெரும்பாலும் துணி துவைக்கும் இயந்திரம், தனிக் கூடம் எல்லாம் இருக்கும். பல இடங்களில் குறைந்தபட்சம் 7 இரவு எடுக்க வேண்டும். ஹோட்டல் உரிமமும் வைத்திருக்கிற சில இடங்களில் ஒரு நாளுக்கும் தருவார்கள். ஒரு வாரம், ஆறு பேர், நடுவில் ஒரு குழந்தைக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்றால், இரண்டு ஹோட்டல் அறைகளின் மொத்த விலையோடு இதையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நாலு நாளுக்குள் என்றால் ஹோட்டல்தான்.

அங்கேயே குடியிருக்கிற சித்தப்பா வீட்டில் தங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. அவர் "நாலறை வீடு" என்று சொன்னால் நாலு படுக்கையறை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும் சேர்த்துத்தான் அந்த நாலு.

பக்கத்தில் மலேசியாவின் ஜொகூரில் தங்கி தினமும் சிங்கப்பூர் போய் வரலாமா? அறை ரொம்பப் பெரிசாமே?

ஜொகூர் பாருவில் அதே காசுக்கு அறை பெரிசாகவே கிடைக்கும், உண்மை. பாலமும் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் போக இரண்டு குடிநுழைவு (இமிக்ரேஷன்) சோதனை, வர இரண்டு. வெள்ளிக்கிழமை மாலையும் வார இறுதியும் அந்தப் பாலத்தில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். தோளில் தூங்குகிற பிள்ளையோடு இரவு பத்து மணிக்கு வரிசையில் நிற்பதற்குப் பெயர் விடுமுறை இல்லை. மலேசியாவும் பார்க்க வேண்டுமென்றால் கடைசி இரண்டு நாளை அங்கே வையுங்கள். சிங்கப்பூர் விசா பல முறை நுழைய அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு.

விமானம் காலை ஆறு மணிக்கு இறங்குகிறது. செக்-இன் மூன்று மணிக்கு. நடுவில் என்ன செய்வது?

சென்னை, திருச்சியிலிருந்து இரவு விமானங்கள் மலிவாக இருப்பதற்கு இதுதான் மறைமுக விலை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே ஆறு என்றால் உங்கள் உடம்புக்கு மூன்றரை. நாலு மணி நேரப் பயணத்தில் பெரியவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள். பெட்டியை ஹோட்டலில் வைத்துக்கொள்வார்கள், அறையைத் தர மாட்டார்கள்.

வழிகள் மூன்று. பகல் விமானத்தில் போய் மாலை இறங்குவது. டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் இதுதான் எனக்குப் பிடித்தது. இல்லையென்றால் முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுப்பது. கைக்குழந்தையோ எண்பது வயதுப் பெரியவரோ இருந்தால் அந்தக் காசு தண்டமில்லை. அதுவும் முடியாது என்றால் விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் கட்டிடத்தில் பல் துலக்கி, முகம் கழுவி, 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவியைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கிளம்பிப் பெட்டியைப் போட்டுவிட்டு தேக்காவில் சாப்பிடுவது. அன்றைக்கு வேறு எதற்கும் டிக்கெட் வாங்க வேண்டாம். எங்கள் சின்னவள் தோசைத் தட்டின் மேலேயே தூங்கிவிட்டாள்.

விமான நிலையத்திலிருந்து ஆறு பேர், பெட்டிகளோடு எப்படிப் போவது?

சாதாரண டாக்ஸியில் நாலு பேர்தான். ஆறு பேருக்கு மேக்ஸி கேப் அல்லது செயலியில் ஆறு இருக்கை வண்டி. நள்ளிரவு முதல் காலை ஆறு வரை டாக்ஸி மீட்டரில் பாதி கூடுதல் விழும்; 5:50-க்கு வெளியே வந்தால் பத்து நிமிடம் தண்ணீர் குடித்துவிட்டு ஏறுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் செயலியில் வரும் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்ஸிக்கு அந்த விதி கிடையாது. ரயில் என்றால் சாங்கியில் ஏறி அடுத்த ஸ்டேஷனான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியா. பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் எனக்குத் தெம்பில்லை, உங்களுக்கு இருக்கலாம்.

எந்த மாதம் போனால் வாடகை குறையும்?

நம் பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடு வரை நல்ல நேரம். அங்கே பள்ளி விடுமுறை மே கடைசியில்தான் தொடங்கும். சீனப் புத்தாண்டு, டிசம்பர் கடைசி, மரீனா பேயில் இரவு கார் பந்தயம் நடக்கும் வாரம் இவற்றைத் தவிருங்கள். பெரிய கச்சேரி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவு பாடியபோது அறை விலை எங்கேயோ போனது. அந்தப் பெயரே கேள்விப்படாத நம் மாமாவும் அதே விலைதான் கட்டினார்.

முன்பதிவு செய்யும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது?

லிஃப்ட். லிட்டில் இந்தியாவிலும் சைனாடவுனிலும் பழைய கடைவீடுகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அழகாக இருக்கும், சிலவற்றில் லிஃப்ட் இருக்காது, செங்குத்தான படிதான். அடுத்து, ஸ்டேஷன் வாசலிலிருந்து நடக்கும் தூரத்தை வரைபடத்தில் நீங்களே அளந்து பாருங்கள். "ஐந்து நிமிடம்" என்று எழுதுகிறவர் தனியாக, பெட்டியில்லாமல் நடந்தவர். விமர்சனங்களில் கடைசி மூன்று மாதத்தை மட்டும், அதிலும் குடும்பமாகத் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதியுள்ள விலையில் முதலில் ஒரு அறையைப் பிடித்து வைத்துவிட்டு, பிறகு நிதானமாகத் தேடலாம். ஹோட்டலின் சொந்தத் தளத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கார்டு தேய்க்கும்போது "ரூபாயிலேயே கட்டுகிறீர்களா" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று வெள்ளியிலேயே கட்டுங்கள், மாற்று விகிதத்தில் அடிப்பார்கள். ஹோட்டல் முகவரியைக் கையில் வைத்திருங்கள். சிங்கப்பூர் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்புகிற வருகை அட்டையில் அதைக் கேட்பார்கள். அந்த அட்டை இலவசம். காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

ரைஸ் குக்கர் கொண்டு போகலாமா?

ஹோட்டல் அறையில் சமைக்க விட மாட்டார்கள். புகை உணர்கருவி கத்தும். வெந்நீர்க் கெட்டில் பெரும்பாலும் இருக்கும். வெந்நீர் ஊற்றுகிற உப்புமா, சேமியா, பருப்புப் பொடி, ஊறுகாய் போதும். தயிர் அங்கேயே வாங்கலாம். பிளக் சதுரமான மூன்று முனை, அதற்கு அடாப்டர் ஒன்று, அதில் செருகுவதற்கு நம்ம ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. ஆறு பேர் போனையும் சார்ஜ் போட வேண்டுமே.

பிள்ளைகளுக்காகவே ஒரு இடம் சொல்லுங்களேன்.

கிழக்குக் கோடியில், பாசிர் ரிஸ் பகுதியின் டவுன்டவுன் ஈஸ்ட் வளாகத்தில் டி'ரிசார்ட் என்று ஒன்று இருக்கிறது. குடும்பங்களை நினைத்துக் கட்டிய அறைகள், அடுக்குக் கட்டில்களும் உண்டு. தண்ணீர் விளையாட்டுப் பூங்கா பக்கத்திலேயே. ஊரின் நடுப்பகுதிக்கு வர ரயிலில் அரை மணி நேரம் ஆகும், ஸ்டேஷனுக்கும் கொஞ்சம் நடக்க வேண்டும். ஐந்து நாளும் அங்கே வேண்டாம். கடைசி ஒரு இரவை அங்கே வைத்தால், சாங்கி விமான நிலையமும் அந்தப் பக்கம்தான்.

டுரியான் பழத்தை அறைக்கு எடுத்துப் போகலாமா?

கூடாது. அபராதம் போடுவார்கள். கடை வாசலிலேயே தின்றுவிட்டு, கை கழுவிவிட்டு வாருங்கள்.